மூன்றடி அகலமும் மாறாத வளைவும்

திருக்கோணமலையில் மகரகமைக்கு வழி கேட்பார் அரியர். இரவுப் புகையிரதத்தில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்குவதும், அங்கிருந்து மகரகமை செல்வதும் எங்கள் ஊரில் ஆசிரியர்க்கும் தெரிந்தவை, நோயாளர்க்கும் தெரிந்தவை. ஆசிரியர்க்கு அங்கே தேசிய கல்வி நிறுவகம் உண்டு. புற்றுநோயாளர்க்கு அபேக்ஷா மருத்துவமனை உண்டு. பாடத்திட்டக் கூட்டத்துக்குப் போவார் கையில் ஒரு கோப்பு இருக்கும். மற்றவர் கையிலும் ஒரு கோப்பு இருக்கும். இருசாராரும் விடியற்பொழுதில் கோட்டை நிலையத்தில் முகங்கழுவித் தேநீர் அருந்திவிட்டு, 138ஆம் இலக்கப் பேருந்தையோ களனிவெளிப் புகையிரதத்தையோ நாடுவர்.

நான் முன்னைய கோப்போடு பலமுறை போனவன். சில மாதங்களுக்கு முன் பின்னைய கோப்போடு போக நேர்ந்தது. நோயாளி நானல்லேன், என்னினும் மூத்தவராய், ஒரே பாடசாலையில் என்னோடு நீண்டகாலம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். பேருந்தின் குலுக்கம் அவருக்கு ஆகாது என்று புகையிரதத்திலே போனோம். மருதானை கடந்ததும் வண்டி தென்கிழக்கே திரும்பியது. பொரளைப் பக்கத்தில் செல்வர் பந்தாடும் கொல்ஃப் புற்றரையின் நடுவே புகுந்து, பின்னர் வறியோர் வீடுகளின் பின்கதவுகளை உரசுவது போல ஊர்ந்தது. கொடியில் உலர்ந்த துணிகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. வண்டி ஒரு பக்கம் சாயும், நிமிரும், மறுபக்கம் சாயும்.

"பண்டிதர், ஊருக்குள்ள போற கோச்சி ஏன் மலையில ஏறுற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்று மாஸ்டர் கேட்டார்.

கணித ஆசிரியருக்கு வளைவைப் பற்றித் தமிழ் ஆசிரியன் என்ன விடை கூறுவான்? அன்று கூறவில்லை. பின்னர் தேடி அறிந்தவற்றையும் என் கருத்தையும் இங்கே எழுதுகிறேன். இவ்வினா ஒருவர் பயணத்தோடு ஒழிவதன்று. கொழும்பு மாநகரின் போக்குவரத்து எவ்வாறு அமைய வேண்டும் என்று நாட்டில் நடக்கும் வாதத்தின் நடுவே நிற்பது இந்தப் பாதை. அவ்வாதத்தில் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பின்னே கூறுவேன்.

மாஸ்டர் தம்மையறியாமலே சரியாகக் கேட்டுவிட்டார். அந்த வண்டி மெய்யாகவே மலைநாட்டை நோக்கிப் புறப்பட்ட வண்டிதான். இலங்கையின் புகையிரதம் 1864இல் அம்பேபுசைவரை ஓடத் தொடங்கியது. பின்னர் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிற்று. அப்பாதைகளெல்லாம் ஐந்தரை அடி அகலம் உடையவை. அந்த அகலத்தில் மலைச்சரிவை வெட்டுவதும் கரை கட்டுவதும் பெருஞ்செலவு என்பதை ஆட்சியாளர் பட்டறிந்தனர். ஆகவே களனியாற்று வெளியிலுள்ள தோட்டங்களுக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அகலத்தைக் குறைத்துச் செலவைக் குறைக்கும் வழியை நாடினர். இரண்டரை அடி அகலத்தில் ஒரு பாதை அமைந்தது. அது 1902இல் அவிசாவளையை அடைந்தது; 1903இல் யட்டியாந்தோட்டைவரை நீண்டது; அவிசாவளையிலிருந்து பிரிந்த மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்குப் போய், பின்னர் ஓப்பநாயக்கைவரை சென்றது.

இவ்வகைப் பாதையைச் சிலர் "குறுகிய பாதை" என்கின்றனர். குறுமை என்பது நீளத்தையும் சுட்டும், உயரத்தையும் சுட்டும். அகலத்தின் சிறுமையைச் சுட்ட ஒடுக்கம் என்ற சொல்லே பொருந்தும். ஆதலின் ஒடுங்கிய பாதை என்றே எழுதுகிறேன். வேறு சொல் வழங்குவோரோடு எனக்கு வழக்கில்லை.

ஒடுங்கிய பாதையின் இயல்பு யாது? வண்டி சிறிது, கட்டை சிறிது, கரை சிறிது. எனவே குன்று வந்தால் குடையாமல் சுற்றிப் போகலாம். பள்ளம் வந்தால் தூர்க்காமல் விலகிப் போகலாம். நிலம் காட்டிய வழியே பாதை வளைந்தது. ஏற்றப்பட்ட பொருள் தேயிலையும், 1910ஆம் ஆண்டையொட்டி விலை வானளாவிய இரப்பரும். இரப்பர்ச் சுருள் ஒரு மணித்தியாலம் பிந்தினால் வருந்தாது. அதற்கு அலுவலகம் இல்லை. வளைவு மிகுதியும் வேகக் குறைவும் அக்காலத்தில் குற்றமாகா. சிக்கனத்தின் இலக்கணம் அதுவே.

அதே ஆண்டுகளில் இரண்டரை அடி அகலத்திலே மற்றொரு பாதையும் எழுந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை சென்ற உடப்புசல்லாவைப் பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. மலைப்பாதை என்ற பெயருக்கு முழுவதும் உரியது அதுவே. அந்தப் பாதை ஓடிய இடமெங்கும் தோட்டங்களில் உழைத்தவர் தமிழர். களனிவெளியிலும் தெஹியோவிற்றை, யட்டியாந்தோட்டைப் பகுதிகளில் இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். இவ்விரு பாதைகளின் வரலாற்றை எழுதுவோர் எந்திரங்களின் பெயரை எழுதுகின்றனர், தோட்டத் துரைமாரின் பெயரை எழுதுகின்றனர். தேயிலைப் பெட்டியை நிலையத்துக்குச் சுமந்தவர்க்குப் பெயர் இல்லை.

இரு பாதைகளும் உடன்பிறந்தவை. ஒன்று மறைந்தது, ஒன்று பிழைத்தது. உடப்புசல்லாவைப் பாதை மோட்டார் லொறியின் போட்டிக்கு ஆற்றாது 1940களில் அழிந்துபோயிற்று. களனிவெளிப் பாதையும் சேதமின்றித் தப்பவில்லை. யட்டியாந்தோட்டைக் கிளையின் தண்டவாளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கழற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி நோக்கிச் சென்ற பகுதி 1970களில் மூடப்பட்டது. எஞ்சியது மருதானைக்கும் அவிசாவளைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏன் அது மட்டும் எஞ்சியது? காரணம் தோட்டமன்று, நகரம். நுகேகொடையும் மகரகமையும் ஹோமாகமையும் ஊர்களாய் இருந்தவை. கொழும்பில் இடமின்றி வெளியேறிய எழுதுவினைஞரும் ஆசிரியரும் சிறுவணிகரும் அங்கே வீடு கட்டினர். இரப்பர் ஏறிய வண்டியில் பருவச்சீட்டு ஏறிற்று. மலைக்கென இட்ட பாதையை அதன் அடிவாரத்து நகரம் தத்தெடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் பழையதாகவே உள்ளது. களனிவெளி என்று பெயர் தாங்கும் பாதை இன்று பெரும்பாலும் ஓடுவது கொழும்பின் குடியிருப்புகள் வழியே. இலக்கணத்தார் இதனை வழுவென்று தள்ளார். வழக்கு நோக்கி அமைதி கூறிவிடுவர்.

இத்தகைய நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மட்ரிட்டின் புறநகர்ப் புகையிரத வரிசையில் ஒன்பதாம் இலக்கம் பெற்ற பாதை ஒரு மலைப்பாதை. செர்செதில்லா என்னும் சிற்றூரில் அகலப்பாதை வண்டியை விட்டு இறங்கி, ஒரு மீட்டர் அகலமுடைய பாதையில் மின்வண்டியேறினால், குவடர்ராமா மலைத்தொடரின் நவசெர்ராடா கணவாய்க்கும் அப்பால் கொத்தோஸ் என்னும் இடத்துக்கும் போகலாம். கணவாய்வரை 1923இலும் கொத்தோஸ்வரை 1964இலும் திறக்கப்பட்ட அப்பாதையின் நீளம் 18 கிலோமீட்டர் அளவே. நகரத்து அலுவலர் ஏறும் பாதைகளுக்கு இடப்பட்ட இலக்கவரிசையிலேயே பனிமலைப் பாதைக்கும் ஓர் இலக்கம் இட்டுவிட்டனர். மும்பையின் புறநகர் வண்டி கர்ஜத் நோக்கிச் செல்லும் வழியில் நேரல் என்ற நிலையம் உண்டு. அங்கிருந்து மாதேரான் மலைக்கு 1907 முதல் இரண்டடிப் பாதையொன்று ஏறுகிறது. 2019ஆம் ஆண்டு மழையில் அது சிதைந்தது. 2022இல் மீண்டும் முழுத்தொலைவும் ஓடியது. மாதேரானில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. ஆதலால் அப்பாதைக்கு ஊரில் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டின் நீலகிரிப் பாதையை நான் சொல்லாமலே வாசகர் நினைத்திருப்பர். ஆயின் அது மாநகரின் வலைக்குள் அகப்பட்டதன்று.

இவற்றையும் நம் பாதையையும் ஒப்பிட்டால் ஒரு வேற்றுமை புலப்படும். மட்ரிட்டிலும் மும்பையிலும் மலைப்பாதை மலைப்பாதையாகவே இருக்கிறது. நகரப்பாதை வந்து அதன் அடியில் நின்றுவிடுகிறது. பயணி இறங்கி மாறுகிறான். கொழும்பிலோ மலைநாட்டுக்கென வரைந்த பாதையே நகரத்தின் நரம்பாகிவிட்டது. மாறி ஏறும் இடம் ஒன்றும் இல்லை. பாதைதான் மாறியாக வேண்டியிருந்தது.

மாற்றவும் செய்தனர். 1990களில் இரண்டரை அடிப் பாதை ஐந்தரை அடிப் பாதையாக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் கூட்டியது சரியாக மூன்றடி. வாமனனுக்கு மூவுலகும் அடங்கிய மூன்றடி இவர்களுக்கும் பெரிதாகவே தோன்றியிருக்கும். அதனால் விளைந்த நன்மையை மறுக்க நான் துணியேன். நாட்டின் பிற பாதைகளில் ஓடும் பெட்டிகள் இங்கும் ஓடலாம். ஒரு வண்டியில் ஏறும் மாந்தர் தொகை பெருகிற்று. பழைய சிற்றெந்திரங்களுக்கென்று தனியே பட்டறையும் உதிரிப்பாகமும் வைத்திருக்க வேண்டாம். அவ்வெந்திரங்களுட் சில 2014இல் திறக்கப்பட்ட கடுகண்ணாவைப் புகையிரத அரும்பொருளகத்தில் ஓய்வு பெறுகின்றன. ஓய்வூதியம் பெறுவோரைப் போல அவற்றையும் இடைக்கிடை எவரேனும் வந்து பார்த்துச் செல்கின்றனர்.

ஆயினும் அகலம் மாறிற்றேயன்றி வழி மாறவில்லை. எங்கே குன்றைச் சுற்றினதோ அங்கேயே இன்றும் சுற்றுகிறது. இன்று குன்று கண்ணுக்குத் தெரியாமல் வீடுகள் மறைத்துவிட்டன, அவ்வளவே. மாஸ்டரின் வினாவுக்கு விடை இதுதான். இதன் விளைவைக் கணிதத்தால் அறியலாம். மாஸ்டர் பிழைகண்டால் திருத்துவாராக. வளைவில் ஓடும் வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வளைவின் ஆரை பெருகினால் அவ்விசை குறையும். எனவே வளைவில் வேகத்தை இருமடங்காக்க வேண்டுமாயின், மற்றவை ஒத்திருக்க, ஆரையை நான்கு மடங்காக்க வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். 1902இல் அந்நிலம் காடும் தோட்டமும் வயலுமாய் இருந்தது. இன்று நாரஹேன்பிட்டியிலும் கிருலப்பனையிலும் நுகேகொடையிலும் ஒரு வளைவை நேராக்குவதென்றால் எத்தனை கூரைகளைப் பிரிக்க வேண்டும்! சிக்கனம் என்று அன்று கருதியது பின்வந்தோர் தலையில் கடனாக விழுந்தது.

வளைவோடு வேறு இரண்டு தடைகளும் சேர்ந்தன. ஒன்று, பாதை ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வரும்வரை இவ்வண்டி ஒரு நிலையத்தில் காத்திருத்தல் வேண்டும். ஒன்று பிந்தினால் இரண்டும் பிந்தும், இரண்டு பிந்தினால் நான்கும் பிந்தும். மற்றையது, தெருக்கள் பாதையைக் குறுக்கறுக்கும் கடவைகளின் மிகுதி. வண்டி போக வேண்டுமாயின் தெரு நிற்க வேண்டும். தெரு ஓட வேண்டுமாயின் வண்டிகளின் தொகையைக் கூட்டல் அரிது. இவற்றோடு முப்பதுக்கு மேற்பட்ட நிறுத்தங்களையும் சேர்த்தால், 60 கிலோமீட்டரைக் கடக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆவதில் வியப்பில்லை. அருகே செல்லும் ஹைலெவல் வீதியில் பேருந்துகள் நிமிடத்துக்கொன்றாய் நெருக்குகின்றன. களனிவெளி வண்டிகளோ பெரும்பாலும் காலையிலும் மாலையிலுமே வரும். நடுப்பகலில் மருத்துவமனையை விட்டு வெளியே வரும் நோயாளிக்குப் புகையிரத நிலையம் ஒரு நிழல்தரும் கட்டடம், அதற்கு மேலில்லை. நாங்கள் திரும்பும்போது முச்சக்கர வண்டியில்தான் வந்தோம்.

இனி, இன்றைய வாதத்துக்கு வருவோம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கொழும்புப் புறநகர்ப் புகையிரதத் திட்டம் என்ற பெயரில் ஆய்வுகள் நடைபெற்றன. களனிவெளிப் பாதையை இரட்டித்தலும், நெருக்கமான நகர்ப்பகுதியில் தூண்களின் மேல் உயர்த்துதலும் அவற்றில் ஆராயப்பட்டன. அதனோடு ஒட்டிப் பாதையோரத்து ஒதுக்குநிலத்தில் குடியிருப்போரை அகற்றுதல் என்ற சிக்கலும் எழுந்தது. கோட்டைக்கும் மாலபைக்கும் இடையே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஓடவிருந்த இலகு புகையிரதத்துக்கு 2019 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 2020 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், மோட்டார் வண்டி வைத்திருந்தவரும் புகையிரத மேடையை நாடியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். புகையிரதத்தின் அருமை அப்போது தெரிந்தது. எரிபொருள் வந்ததும் அவ்வருமை மறைந்தது.

உயர்பாதை வேண்டும் என்போர் கூறும் காரணம் வலிது. தூண்மேல் ஏறிவிட்டால் கடவையில்லை. தெருவும் ஓடும், வண்டியும் ஓடும். வேண்டா என்போர் காரணமும் வலிது. கடன்பட்ட நாடு வானில் பாதை கட்டலாமோ என்பர். இருசாராரும் ஒன்றை மறந்து பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. இப்பாதையை மெதுவாக்கும் வளைவுதான் இதனை மக்களுக்கு அண்மையாகவும் வைத்திருக்கிறது. அது நேராக ஓடியிருந்தால் இத்தனை ஊர்களின் நடுவே நுழைந்திராது. வீட்டுக் கொல்லையை உரசிச் செல்லும் வண்டிக்கு அவ்வீட்டார் நடந்தே வந்து ஏறலாம். அவிசாவளையிலிருந்து கோட்டைக்கு விரைய வேண்டியவர் சிலர். பன்னிப்பிட்டியிலிருந்து மகரகமைக்கும், மகரகமையிலிருந்து நுகேகொடைக்கும் போக வேண்டியவர் மிகப்பலர். பின்னவர்க்கு வேண்டுவது வேகமன்று. அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்க வேண்டாத நிலையே அவர்க்கு வேண்டுவது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியும் கால்மணிக்கொருமுறை வந்தால் வேகமான வண்டியே. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி நாளுக்கு மூன்றுமுறை வந்தால் அது மெதுவான வண்டி.

ஆதலின் என் மதிப்பீடு இது. முதலில் செய்யத்தக்கது, நகரத்துக்கு அண்மையான பகுதியில் வண்டிகள் எதிரெதிரே விலகிச் செல்லும் இடங்களைப் பெருக்குதலும், இயன்றவிடத்து இரண்டாம் பாதை இடுதலும், பகல் முழுவதும் சிறுவண்டிகளை இடைவிடாது ஓட்டுதலும் ஆகும். வளைவை நேராக்கும் ஆசையைப் பின்வைக்கலாம். சிறுவண்டி என்பது புதுக் கருத்தன்று. ஒடுங்கிய பாதையாய் இருந்த காலத்திலேயே, 1928இல் செய்யப்பட்ட சென்டினல் நீராவிப் பெட்டிவண்டிகள் இலங்கைக்கு வந்தன. எந்திரமும் பெட்டியும் ஒன்றாய், பாரங்குறைந்தனவாய் இருந்த அவற்றைக் கொண்டு, பெரிய எந்திரம் பூட்டாமலே சிலரை ஏற்றிச் செல்லலாம் என்று அக்காலத்தார் கண்டிருந்தனர். அகலத்தைக் கூட்டியபோது இந்த அறிவையும் சேர்த்துக் கழற்றி அரும்பொருளகத்தில் வைத்துவிட்டோம் போலும்.

மற்றொரு முயற்சியைப் பாராட்டாமல் விடலாகாது. கொட்டாவைக்கு அருகே மாகும்புரையில் 2019இல் திறக்கப்பட்ட பல்வகைப் போக்குவரத்து மையத்தில் தெற்கு அதிவேகப் பாதைப் பேருந்தும் களனிவெளி வண்டியும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மாறி ஏறும் இடத்தை முதலில் அமைத்தது நல்லறிவு. மட்ரிட்டுக்காரர் செர்செதில்லாவில் செய்ததும் அதுவே. ஆனால் மாறி ஏறுவதற்கு வண்டி அடிக்கடி வரவேண்டுமென்பதை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

பாதையோரக் குடிகளைப் பற்றி ஒரு சொல். அவர்களைச் சட்டமீறியோர் என்று ஒரே சொல்லால் முடித்துவிடுவோர் உளர். புகையிரத நிலம் புகையிரதத்துக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கிருலப்பனையிலே கூலிக்குச் செல்லும் ஒருவரை நகரின் மறுமூலையில் மாடிவீட்டில் குடியேற்றினால், அவர் இழப்பது வீட்டையன்று, தொழிலுக்கு நடந்து செல்லும் தூரத்தை. போக்குவரத்துத் திட்டமே அவருக்குப் போக்குவரத்துத் துன்பத்தை உண்டாக்கிவிடும். இதனைத் திட்டம் வரையும் பொறியியலாளர் மேசையில் எவரேனும் வைத்தல் வேண்டும்.

இவ்வளவும் கொழும்பின் வழக்கு. திருக்கோணமலையில் இருப்பவனுக்கு இதில் என்ன? எங்கள் பாதை 1927இல் கல்லோயாச் சந்தியிலிருந்து பிரிந்து வந்தது. பிறந்தபோதே அதற்கு ஐந்தரை அடி அகலம். கொழும்புப் பாதையைத் தோட்டம் வருவித்தது; எங்கள் பாதையை வருவித்தது துறைமுகம். அக்போபுரையும் கந்தளாயும் தம்பலகாமமும் சீனக்குடாவும் அதன் நிலையங்கள். வயல்வெளியிலும் காட்டிலும் ஓடுகிறதாதலின் கொல்லைகளை உரசவில்லை. குறுக்கறுக்கும் தெருக்களும் சில. இங்கே வண்டியைத் தடுப்பது வளைவன்று, யானை. 2025 பெப்ரவரியில் கல்லோயாவுக்கு அண்மையில் பயணிகள் வண்டி மோதி ஆறு யானைகள் மாண்டன. அவ்விலங்குகளின் வழியில் நாம் தண்டவாளம் இட்டதால் இரவில் வேகத்தைக் குறைத்தே ஓடவேண்டியுள்ளது, அது நீதியே.

அகலம் உண்டு; இடம் உண்டு; நெருக்கமில்லை. இல்லாதது வண்டி. நாளொன்றுக்கு வரும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவையும் கொழும்பை நோக்கியே கணக்கிடப்பட்டவை. கந்தளாயிலிருந்து திருக்கோணமலைக்குப் படிக்கவரும் மாணவரையும், தம்பலகாமத்திலிருந்து பொது மருத்துவமனைக்கு வருவாரையும், சீனக்குடாவில் தொழில்புரிவாரையும் அவ்வட்டவணை நினைத்ததாகத் தெரியவில்லை. களனிவெளியில் வண்டி ஏறும் மக்கள் பாதையைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டனர். தோட்டத்துக்கென இட்டதை நகரத்துக்காக்கினர். துறைமுகத்துக்கென இட்ட பாதையை மாவட்டத்துக்கு ஆக்கிக்கொள்ளும் வினையை நாங்கள் இன்னும் தொடங்கவில்லை. ஒரு சிறுவண்டி காலையில் இருமுறையும் மாலையில் இருமுறையும் கந்தளாய்க்கும் திருக்கோணமலைக்கும் இடையே ஓடுமாயின், அதற்குப் புதுப் பாதை வேண்டாம், தூண் வேண்டாம், வெளிநாட்டுக் கடனும் பெரிதாக வேண்டாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களில் தெருவைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் பேசுவோர் இதனையும் பேசலாகாதா? எங்கள் பாடசாலை அதிபர்களும் பெற்றோர் சங்கங்களும் எத்தனை மாணவர் எந்த ஊரிலிருந்து எந்நேரத்துக்கு வருகின்றனர் என்று கணக்கெடுத்துக் கொடுத்தால், கேட்பவர் கையில் ஒரு சான்றாவது இருக்கும். அக்கணக்கை என் வகுப்பிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

அன்று மருத்துவமனையில் மாஸ்டரைப் பார்த்த வைத்தியர் மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார். அன்றிரவே ஊர்வண்டியில் ஏறினோம். அவர் உறங்கவில்லை. விடியும்போது வண்டி கந்தளாய் கடந்து தம்பலகாமத்து வயல்களினூடே வந்தது. வானம் வெளுத்திருந்தது. ஒரு கடவையில் தடுப்பு இறங்கியிருந்தது; அதன் பின்னே ஒரு பேருந்து நின்றது. உள்ளே வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் படிவரை நெருங்கி நின்றனர். ஒரு சிறுமி கம்பிக்கு வெளியே கையை நீட்டி எங்கள் வண்டிக்கு அசைத்தாள். எங்கள் பெட்டியில் பாதி இருக்கை வெறுமையாய்க் கிடந்தது.

மாஸ்டர் திரும்பி அக்கடவை மறையும்வரை பார்த்திருந்தார். பின்பு, "எங்கட பாதை நேராத்தானே கிடக்குது, பண்டிதர். இந்தப் பிள்ளைகள் இதில ஏற ஏலாதோ?" என்றார்.